முப்பத்தெட்டு மணி நேரம்

மார்ச் இருபத்தொன்பதாம் தேதி காலையில்தான் உலகம்மாள் அந்தப் பட்டியலைப் பார்த்தாள். மறுநாள் காலை ஆறு மணி தொடங்கி முப்பத்தொன்றாம் தேதி இரவு எட்டு மணி வரை மெஷினை வணிக வாரியம் எடுத்திருந்தது. முப்பத்தெட்டு மணி நேரம். சோதிக்க வேண்டிய சரக்குப் பெட்டிகளின் எண்களும் கீழே இருந்தன. முதல் எண்ணைத் தட்டிப் பார்த்தாள். அந்தப் பெட்டி ஜனவரியிலேயே சோதிக்கப்பட்டு, இறக்கப்பட்டு, காலியாகக் கப்பல் ஏறிப் போயிருந்தது. இரண்டாவதும் அப்படித்தான். பத்துப் பெட்டிகள் வரை பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

வணிகம், நீதி, அறிவியல் ஆகிய மூன்று துறைகளுக்கும் முன்பெல்லாம் தனித்தனியாக மானியம் வரும். ஆறு ஆண்டுகளுக்கு முன் அதை ஒன்றாக்கினார்கள். மூன்று துறைகளும் கடைசியில் கேட்டது ஒரே பொருளைத்தான்: தூத்துக்குடிக் கடற்கரையில் ஒரு நீளமான கொட்டகைக்குள், கடல் தண்ணீரைக் குடித்துச் சூடு ஆற்றிக்கொண்டிருந்த அந்த ஒரே மெஷினின் நேரத்தை. ஒரு பெட்டியை வெளியிலிருந்து காட்டினால் உள்ளே இருப்பது என்ன என்று சொல்லும். ஒரு வீட்டுத் தரையின் தூசியைக் கொடுத்தால் யார் யார், எந்த வரிசையில், எங்கே நடந்தார்கள் என்று சொல்லும். கடலின் சூட்டையும் உப்பையும் கொடுத்தால் காற்று எங்கே கிளம்பும் என்று சொல்லும். அரை மாவட்டத்துக்கான மின்சாரம் அதற்கு மட்டும் போனது. இன்னொன்று கட்ட யாருக்கும் வசதியில்லை. ஆகவே ஆண்டு மானியம் ரூபாயில் வராமல் மணிக்கணக்கில் வந்தது.

மார்ச் முப்பத்தொன்று இரவு எட்டு மணிக்குள் செலவாகாத நேரம் காலாவதியாகிவிடும். மிச்சம் வைத்த துறைக்கு அடுத்த ஆண்டு வெட்டு விழும்.

அந்த நேரத்தைப் பங்கிடும் தென்மண்டல அலுவலகத்தில் உலகம்மாள் ஒதுக்கீட்டு அதிகாரி. தென்காசிக்காரி, ஐம்பத்திரண்டு வயது. ஒரு துறையின் நேரத்தை இன்னொரு துறைக்கு மாற்ற, ஆண்டுக்கு நாற்பது மணி நேரம் வரை, அவள் கையெழுத்து ஒன்றே போதும் என்று விதி இருந்தது. ஆறு ஆண்டுகளில் அதை அவள் பயன்படுத்தியதே இல்லை.

பிப்ரவரியில் அவள் மறுத்த மனுக்கள் இரண்டு இன்னும் இழுப்பறையில் கிடந்தன. ஒன்று கடல் ஆய்வாளர் ரஹ்மத் நிஸாவுடையது. முப்பது மணி நேரம் கிடைத்தால் புயல் எச்சரிக்கையை நான்கு நாளிலிருந்து ஒன்பது நாளாக நீட்ட முடியும் என்று எழுதியிருந்தாள். மற்றது நீதிமன்றத்திலிருந்து வந்தது. அமலதாஸ் என்ற கைதியின் வழக்கில், வீட்டுத் தரை மண் அடங்கிய ஒரு சான்றுப் பெட்டியைப் படிக்கப் பதினொரு மணி நேரம். வரிசையில் நாலு ஆண்டுகள் காத்திருக்க வேண்டிய வழக்கு அது. ஆனால் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் சான்றுப் பெட்டிகளைப் பாதுகாக்க மானியம் கிடையாது. ஏப்ரல் முதல் தேதி அந்தப் பெட்டியை எரித்துவிடுவார்கள்.

அவள் எழுந்து துறைமுகத்துக்குப் போனாள்.

வணிக வாரியத்தின் வேலாயுதம் எதையும் மறைக்கவில்லை. காலிப் பெட்டிகள்தான் ஓடப் போகின்றன என்று அவரே சொன்னார். மூன்று ஆண்டுகளுக்கு முன் இருபது மணி நேரத்தை யோக்கியமாகத் திருப்பிக் கொடுத்தாராம். அடுத்த ஆண்டு அறுபது மணி நேரத்தை வெட்டிவிட்டார்கள். அந்தப் பற்றாக்குறையில் சோதிக்காமல் விட்ட சரக்கில் இன்சுலின் வந்தது. மருந்துப் புட்டிகளில் பாதி வெறும் தண்ணீர். ஏழு பேர் இறந்தார்கள். ஏழு பேரின் பெயரையும் அவர் பார்க்காமல் சொன்னார்.

"அதுல ஒரு பிள்ளைக்கு ஒன்பது வயசு. நல்லவனா இருந்து பாத்துட்டேன், மேடம்," என்றார்.

அடுத்த ஆண்டு வெட்டு விழாது என்று எழுதித் தர முடியுமா என்று அவர் கேட்டார். முடியாது என்று இருவருக்கும் தெரியும். கடைசியில் வாசல் வரை கூட வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நீங்களா எடுத்துக்கிட்டா நான் தடுக்க மாட்டேன். ஆனா நான் குடுத்தேன்னு ஒரு காகிதத்துலயும் இருக்கக் கூடாது."

திரும்பி வந்தபோது அலுவலக வாசலில், காவலாளியின் பெஞ்சில், அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். இருபது நாட்களாக அவள் வருவதை உலகம்மாள் காரிலிருந்து பார்த்திருக்கிறாள். அமலதாஸின் அக்கா ஜெசிந்தா. இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை. வழக்கில் சம்பந்தப்பட்டவர்களை ஒதுக்கீட்டு அதிகாரி சந்திக்கக் கூடாது என்பது விதி. அன்றைக்கு உலகம்மாளுக்கு அறைக்குள் போய் உட்காரப் பிடிக்கவில்லை. ஜெசிந்தாவை அழைத்துக்கொண்டு பின்பக்கம் கேன்டீனுக்கு நடந்தாள்.

டீயைக் கையில் வாங்கிய ஜெசிந்தா குடிக்கவில்லை. தம்பி நிரபராதி என்று அழப் போகிறாள் என்று உலகம்மாள் எதிர்பார்த்தாள். ஜெசிந்தா அழவில்லை.

"அவன் செய்யல, மேடம். செஞ்சது நான்," என்றாள்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய விஷயத்தை, ஏற்கெனவே பலரிடம் சொல்லிப் பழகியவளாக, தடங்கலில்லாமல் சொன்னாள். அவள் புருஷன் மிக்கேல் குடித்துவிட்டு வந்து அடிப்பான். அன்று மாலை ஏழு வயது மகள் மேல் கை வைத்தான். அடுப்படியில் வைத்து ஜெசிந்தா அவனைப் பிடித்துத் தள்ளினாள். அவன் மல்லாந்து விழுந்தான். ஆட்டுக்கல்லில் தலை பட்டது. அசையவில்லை. அவள் மகளைத் தூக்கிக்கொண்டு நாலு தெரு தள்ளி இருந்த அம்மா வீட்டுக்கு ஓடி, ஒரு மணி நேரம் கழித்து வேலை முடிந்து வந்த தம்பியிடம் "போய்ப் பாருல" என்று மட்டும் சொன்னாள். போன அமலதாஸ் திரும்பி வரவில்லை. காவல் நிலையத்துக்குப் போய், அத்தானை அடுப்படியில் வைத்து அடித்துக் கொன்றது நான்தான் என்று சொல்லிவிட்டான். அவனுக்கு அப்போது இருபத்துநாலு வயது.

"பிள்ளைய வளக்கணும்லா. அதுக்காக நானும் வாய மூடிக்கிட்டேன். இப்பம் அவளுக்குப் பத்தொன்பது ஆயிட்டு, நர்ஸுக்குப் படிச்சிட்டா. போன வருசம் கோர்ட்ல போயி உண்மையச் சொன்னேன். தம்பியக் காப்பாத்த அக்கா பொய் சொல்லுதான்னு நினைக்காவ. அவனும் நாந்தான் செஞ்சேன்னு அடிச்சுச் சொல்லுதான். அந்த மண்ணப் படிச்சாத்தான் ஆச்சுன்னு ஜட்ஜ் சொல்லிட்டாரு."

ஜெயிலில் பார்க்கும்போது தம்பியிடம் பேசிப் பார்த்தாயா என்று உலகம்மாள் கேட்டாள். கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆள் நிற்கும்போது அதை எப்படிப் பேசுவது என்று ஜெசிந்தா திருப்பிக் கேட்டாள். சாப்பிட்டியா, உடம்பு எப்படி இருக்கு என்பதோடு பன்னிரண்டு வருசம் போய்விட்டது. பிறகு தயங்கி, மண்ணில் அப்படி என்னதான் தெரியும் என்று விசாரித்தாள்.

"ஒவ்வொருத்தர் காலுல இருந்தும் தோலு உதிரும், ஈரம் படியும். எது மேல எது படிஞ்சிருக்குன்னு மெஷின் பாக்கும். யாரு முதல்ல வந்தா, யாரு பொறகு வந்தா, எங்க நின்னா எல்லாம் தெரிஞ்சிரும்," என்றாள் உலகம்மாள்.

"அப்பம் சரி," என்றாள் ஜெசிந்தா. அதற்குப் பிறகுதான் டீயைக் குடித்தாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மெஷின் காலிப் பெட்டிகளைப் படிக்க ஆரம்பித்தது. ஒன்பது மணிக்கு உலகம்மாள் வந்தபோது மூன்று மணி நேரம் போயிருந்தது. முப்பத்தைந்து மிச்சம். நிஸாவை அழைத்து, இருபத்துநாலு மணி நேரத்தில் முடிக்க முடியுமா என்று கேட்டாள். முடிந்தால் இரண்டு மனுவையும் நிறைவேற்றிவிடலாம்.

நிஸா நேரிலேயே வந்துவிட்டாள். நாற்பது வயதுக்காரி, காயல்பட்டினம். வேகமாகப் பேசுவாள், அன்றைக்கு நிதானமாகப் பேசினாள். பாதி ஓடின கடல் கணக்கு எதற்கும் உதவாது என்றாள். ஒன்று முழுதாக முப்பது, இல்லையென்றால் வேண்டாம்.

"ஜூன்ல புது மானியம் பிரிக்கும்போது குடுத்தா போதாதா?"

"குடுத்தா வாங்கிக்குவேன்கா. மே மாசத்துல ஒண்ணு கிளம்பும்னு தோணுது. தோணுறத மனுவுல எழுத முடியாதே. நாலு நாள் எச்சரிக்கை கரையில இருக்கவங்களுக்குப் போதும். ஆழ்கடலுக்குப் போனவங்க திரும்பி வரவே ஆறு நாள் ஆகும்."

அந்தப் பதினொரு மணி நேரம் எதற்கு என்று நிஸா கேட்டாள். உலகம்மாள் சொன்னாள். கேட்டு முடித்ததும் நிஸா கைப்பையை எடுத்துக்கொண்டாள். இதில் தான் ஒன்றும் சொல்லக் கூடாது என்று எழுந்து போய்விட்டாள்.

பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் நடுவில் உலகம்மாள் ஒரு வேலையும் செய்யவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள். கழுவிய டம்ளரை மறுபடி கழுவினாள். வீட்டுக்கு போன் செய்து, கேஸ் சிலிண்டர் வந்ததா என்று கணவரிடம் கேட்டுவிட்டு, அவர் சொன்ன பதிலைக் காதில் வாங்காமலே வைத்தாள். ஒரு பக்கம் ஊர் பேர் தெரியாத கடல்காரர்கள், இன்னும் கிளம்பாத ஒரு புயல். இன்னொரு பக்கம் கண்ணெதிரே டீ குடித்த ஒருத்தி, நாளை மறுநாள் எரியப் போகும் ஒரு பெட்டி. அதையும் இதையும் எந்தத் தராசில் வைப்பது? அந்தப் பெட்டியைப் படித்தாலும் நடக்கப் போவது என்ன? தம்பி வெளியே வருவான், அக்கா உள்ளே போவாள்.

பன்னிரண்டுக்கு முப்பத்திரண்டு. ஒரு மணிக்கு முப்பத்தொன்று. இரண்டு மணியைத் தாண்டினால் கடலுக்கு நேரம் போதாது. சும்மா உட்கார்ந்திருந்தாலே கடிகாரம் அவளுக்காக முடிவெடுத்துவிடும், அப்புறம் யாரும் அவளை ஒன்றும் கேட்க முடியாது. அதைத் தான் எதிர்பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்ததும் அவளுக்கு உடம்பு கூசியது. ஒன்று இருபதுக்கு உத்தரவில் கையெழுத்துப் போட்டாள். கடல் ஜூனில் மறுபடி கேட்கலாம், எரிந்த பெட்டி கேட்காது என்ற ஒரு காரணத்தை மட்டும் எழுதினாள். பதினொரு மணி நேரம் போக மீதியை நீதிமன்ற வரிசையில் அடுத்திருந்த வழக்குக்குக் கொடுத்தாள்.

ஏப்ரல் பதினாறாம் தேதி வழக்கு வந்தது. உலகம்மாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். ஜெசிந்தா ஒரு துணிப்பையோடு வந்திருந்தாள். அதற்குள் மாற்றுத் துணியும் சோப்பும் இருந்தன. அன்றைக்கே ஜெயிலுக்குப் போகத் தயாராக வந்திருந்தாள். மகள் ஷெரின் பக்கத்தில், அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். அமலதாஸைக் கூட்டிவந்தார்கள். முப்பத்தாறு வயதில் தலை முழுக்க நரைத்திருந்தது.

மெஷினின் அறிக்கையை ஓர் அதிகாரி வாசித்தார். அடுப்படியில் ஆணும் பெண்ணும் ஒரு குழந்தையும் இருந்தார்கள். ஆண் விழுந்திருக்கிறான். ஆட்டுக்கல்லில் கொஞ்சம் ரத்தம். பெண்ணும் குழந்தையும் வெளியேறிவிட்டார்கள். அதன் பிறகு அந்த ஆண் எழுந்திருக்கிறான்.

ஜெசிந்தா நிமிர்ந்தாள்.

அதிகாரி அதே குரலில் தொடர்ந்தார். எழுந்தவன் ஏறத்தாழ நாற்பது நிமிடம் வீட்டுக்குள் நடமாடியிருக்கிறான். அடுப்படிக்கும் பின்கட்டுக்கும் நடுவில் ஆறு தடவை போய் வந்திருக்கிறான். தலையைக் கழுவியிருக்கிறான். ஈரத்தில் வழுக்கி, பின்கட்டில் துவைகல்லின் விளிம்பில் பின்தலை மோத விழுந்திருக்கிறான். அதன் பிறகு எழவில்லை. அப்போது வீட்டில் வேறு யாரும் இல்லை. சற்று நேரம் கழித்து வந்த இன்னொரு ஆண், அந்த உடலைப் பின்கட்டிலிருந்து அடுப்படிக்கு இழுத்துப் போட்டிருக்கிறான்.

நீதிபதி அமலதாஸைப் பார்த்து, நீ போனபோது உன் அத்தான் எங்கே கிடந்தார் என்று கேட்டார்.

அவன் அக்காவைப் பார்க்காமல் சொன்னான்: "பின்னால, தொவைக்கிற கல்லுகிட்ட. அடுத்த வீட்டு மாடியில இருந்து பாத்தா தெரியும். அதான் உள்ள இழுத்துப் போட்டேன்."

"நான் அடுப்படியில வச்சுல்லா தள்ளுனேன்," என்றாள் ஜெசிந்தா. உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள், மெதுவாக. "அடுப்படியில வச்சு, தாசு."

அமலதாஸ் அப்போதுதான் திரும்பினான். "நீ பின்கட்டுல வச்சுத் தள்ளுனேன்னு நினைச்சேன். கோர்ட்ல நீ அடுப்படின்னு சொன்னது, நான் சொன்னத ஒட்டித்தான்னு இருந்துட்டேன்," என்றான்.

நீதிபதி எதையோ எழுதுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டார். பன்னிரண்டு ஆண்டுகளில் என்றாவது ஒரு நாள், கிடந்த இடம் எது என்று அவள் கேட்டிருந்தாலோ, தள்ளிய இடம் எது என்று அவன் கேட்டிருந்தாலோ, அந்த இடத்திலேயே முடிந்துபோகும் விஷயம். இரண்டு பேரும் மற்றவரைக் காப்பாற்றுவதாக நினைத்து, கேட்காமலே இருந்துவிட்டார்கள்.

இருவரையும் விட்டுவிட்டார்கள். அடுத்த வாரம் ஜெசிந்தா ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இறால் தொக்கு கொண்டுவந்து காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போக இருந்தாள். உலகம்மாள் கீழே இறங்கி வந்து, தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்டாள்.

"சோறு வச்சா திங்கான். பேச மாட்டேக்கான், மேடம். கோவம்னும் சொல்ல முடியல. வாசல்ல உக்காந்து போற வாற ஆளையே பாத்துக்கிட்டு இருக்கான்," என்றாள்.

ஏப்ரல் கடைசியில் புதிய ஆண்டு மானியம் அறிவிப்பானது. உலகம்மாள் எடுத்த நேரத்தை மிச்சமாகக் கணக்கிட்டு, வணிக வாரியத்துக்கு ஐம்பது மணி நேரம் வெட்டியிருந்தார்கள். உலகம்மாள் மூன்று பக்கம் மறுப்பு எழுதி அனுப்பினாள். பெற்றுக்கொண்டோம் என்று ஒரு வரிப் பதில் வந்தது. வேலாயுதத்துக்கு நாலு தடவை போன் செய்தாள். அவர் எடுக்கவில்லை.

மே பதின்மூன்றாம் தேதி குமரிக்குத் தெற்கே காற்று கிளம்பியது. எச்சரிக்கை, எப்போதும்போல், நான்கு நாள் முன்னதாக வந்தது. கரையோரப் படகுகள் எல்லாம் கரையேறிவிட்டன. ஆழ்கடலுக்குப் போயிருந்தவை முழு வேகத்தில் திரும்பின. இரண்டு படகுகள் வந்து சேரவில்லை. ஒன்பது பேர்.

ஒரு படகு ஜெசிந்தாவின் தெருவைச் சேர்ந்தது. உடல்கள் கிடைக்காததால், கோயிலில் பூசை மட்டும் வைத்தார்கள். உலகம்மாள் போனாள். எதற்காகப் போகிறோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஒன்பது படங்களையும் வரிசையாக வைத்திருந்தார்கள். கூட்டத்தில் அவளைப் பார்த்த ஜெசிந்தா வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க தெருவு துக்கத்துக்கும் வந்திருக்கீகளே, மேடம்."

அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டு, எதுவும் சொல்லாமல் கிளம்பியிருக்கலாம். வெளியே வேப்பமரத்தடிக்குப் போனதும் உலகம்மாள் சொல்லிவிட்டாள். கடலுக்கும் அதே நேரத்தைக் கேட்டிருந்தார்கள், இரண்டில் ஒன்றைத்தான் கொடுக்க முடிந்தது என்று சொன்னாள். கொடுத்திருந்தால் ஒன்பது நாள் முன்பே தெரிந்திருக்கலாம் என்றும் சொன்னாள்.

ஜெசிந்தாவின் கை மெல்ல விலகியது. கோயிலுக்குள்ளிருந்து பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது.

"இத எங்கிட்ட சொல்லியிருக்க வேண்டாம்," என்றாள். "இனிம இந்தத் தெருவுல நான் எப்பிடி நடக்க?"

அவள் உள்ளே போய்விட்டாள். உலகம்மாள் வெயிலில் பேருந்து நிறுத்தம் வரை நடந்தாள். காரை வரச் சொல்லவில்லை. தன் பாரத்தில் பாதியை அந்தப் பெண்ணின் தலையில் இறக்கிவிட்டு வந்திருக்கிறோம் என்பது பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இறங்கி, திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்கலாம் என்று தோன்றியது. அதுவும் தன் ஆறுதலுக்காகத்தான் என்று விளங்கியதும் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

ஜூன் மாதம் நேரத்தைப் பிரிக்கும் கூட்டம் முடிந்தபின் நிஸா அறைக்கு வந்தாள். அவள் கையில் இரண்டு மனுக்கள். இரண்டும் முப்பது மணி நேரத்துக்கு. ஒன்றைத்தான் கொடுக்க முடியும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

"மார்ச்ல ஓட்டியிருந்தா அந்தப் புயல் ஒன்பது நாள் முன்னால தெரிஞ்சிருக்குமா?" என்று உலகம்மாள் கேட்டாள். ஒரு மாதமாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்வி அது.

"தெரியலக்கா. என் கணக்கே தப்பா இருக்கலாம். அப்படின்னா நீங்க என்ன முடிவெடுத்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். கணக்கு சரியா இருந்தா…" நிஸா நிறுத்திவிட்டு, மேலே இருந்த மனுவை முன்னால் தள்ளினாள். "மார்ச் மாசக் கடல மெஷின்ல குடுத்து, மே புயல் தெரியுதான்னு பின்னால போயிப் பாக்கலாம். உங்களுக்காகத்தான் எழுதினேன். எத்தனை நாள்தான் இப்படியே இருப்பீங்க?"

மற்ற மனு வரப்போகும் மழைக் காலத்துக்கானது.

உலகம்மாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாள். ஒரு தடவை படித்ததும் புரிகிற மனுக்கள்தான். ஆனாலும் மூன்று தடவை படித்தாள். பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, மறுபடி மூடினாள். மே மாதத்து மனுவின் மேல் அவள் விரல் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அதை நிஸாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, மற்றதில் கையெழுத்துப் போட்டாள்.

நிஸா அதை வாங்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். மதியம் மூன்று மணிக்கு மெஷின் அக்டோபர் மாதக் கடலைப் படிக்கத் தொடங்கியது.